ஏசி போட்டு ஓட்டினால் எவ்வளவு மைலேஜ் தரும்? அதைச் சொல்லச் சொல்லுங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைத் துறை அமைச்சகத்துக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். போன வாரம் சர்வீஸுக்கு விட்டபோது, "விளம்பரத்தில் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் என்று போட்டீர்கள், வண்டி 14-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறதே" என்று கேட்டேன். "உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை" என்றார் அங்கிருந்தவர், நாலு பேர் முன்னால். ஸ்டியரிங் பிடித்தே பிள்ளைகளைப் படிக்க வைத்தவன் நான்.

அந்த 22 எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். சோதனைக் கூடத்தில் உருளைகள் மேல் ஏற்றி, சுமார் 20 நிமிடம், 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல், ஏசியை அணைத்து வைத்து எடுக்கும் கணக்கு. ஒரு வண்டியோடு இன்னொன்றை ஒப்பிட உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஷோரூமில் அதையே ரோட்டில் கிடைக்கும் மைலேஜ் என்று சொல்லி விற்கிறார்கள்.

எங்கள் ரோட்டைச் சொல்கிறேன். நவக்கிரக சவாரி திங்களூரில் தொடங்கி, ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோவில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று சுற்றி, சாயங்காலம் திருநள்ளாற்றில் முடியும். வாய்க்கால் ஓரத்து ஒடுக்கமான ரோடு, ஊருக்கு ஊர் வேகத்தடை. அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், மீதியில் எதிரே டிராக்டர் வரும். பல இடத்தில் மூன்றாவது கியருக்கு மேல் போக முடியாது. சித்திரை வெயிலில், முட்டி வலியால் இறங்க முடியாத பாட்டியம்மா காருக்குள்ளேயே இருப்பார். மற்றவர்கள் தரிசனம் முடித்து வரும்வரை ஏசி ஓடத்தான் வேண்டும். அணைக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சவாரிக்கோ மொத்தமாகப் பேசிய தொகைதான். கூடுதலாகக் குடிக்கும் பெட்ரோல் என் கூலியில் போகிறது. மாதத் தவணை மட்டும் குறையாமல் வந்து நிற்கிறது.

அதனால் கேட்கிறேன். ஏசி போட்டு, நின்று நின்று ஓட்டினால் என்ன கிடைக்கும் என்பதை ஒவ்வொரு புது வண்டியிலும் ஒட்டச் சொல்லுங்கள். அமெரிக்காவில் 2008 மாடல் வண்டிகளிலிருந்தே, 35 டிகிரி வெப்பத்தில் ஏசி போட்டுச் செய்யும் சோதனையையும் சேர்த்துத்தான் மைலேஜ் போடுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கணக்கு அவர்களைவிட நமக்கல்லவா முதலில் வேண்டும்?

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் வேறு. பெட்ரோலைவிட எத்தனாலில் எரிசக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, மைலேஜ் கொஞ்சம் குறையும் என்று அரசுத் தரப்பிலேயே சொன்னார்கள். லிட்டர் விலையை அதற்காக யார் குறைத்தார்கள்? பெட்ரோல் பங்கில் பணம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. சரி, அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

இப்போதைக்கு இது ஒன்றைச் செய்து தாருங்கள். ஏசி போட்ட மைலேஜை, விளம்பரத்தில் 22 அச்சாகும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று உத்தரவிடுங்கள். 14 என்று முன்பே தெரிந்தால், வாங்குகிறவர் அதற்கேற்ற வண்டியைப் பார்ப்பார், அதற்கேற்ற வாடகை பேசுவார்.

தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்து வாடகைக் கார் ஓட்டுநர்