பருப்பு கடைந்துவிட்டுக் கொஞ்சம் நில்

அன்பு மகளுக்கு,

நேற்று வீடியோ காலில் நீ கண் கலங்கியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போனில் சொல்லி முடியாததை எழுதுகிறேன்.

பேரனுக்கு அடுத்த மாதம் 2 வயது. ‘அம்மா’, ‘தா’, ‘பூ’, இன்னும் நாலைந்து சொல்தான் வருகிறது என்கிறாய். இந்த வயதில் 50 சொல்லாவது இருக்கும், ‘அப்பா வா’ என்று இரண்டிரண்டாகச் சேர்க்கவும் தொடங்கும். ‘ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் பேசும்’ என்று உன் அத்தை சொல்வது ஆறுதலுக்கு. உன் அண்ணனுக்கும் நான் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். சளி பிடித்துப் பிடித்து அவன் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. கூப்பிட்டால் திரும்பாததைப் பிடிவாதம் என்று நினைத்து அடித்திருக்கிறேன். மூன்றரை வயதில்தான் காது டாக்டரிடம் போனோம். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே முதலில் காதைச் சோதித்துவிடு. கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறானே என்று விட்டுவிடாதே. அந்தக் காதுக்கே ‘ச’வும் ‘த’வும் மங்கலாக விழலாம். மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் பெங்களூரிலிருந்து ஒரு காலைப் பயணம்தான். விரல் நீட்டிக் காட்டுகிறான், சொன்னது புரிகிறது என்றாய். நல்லதுதான், ஆனாலும் தள்ளிப்போடாதே. நாக்கில் வசம்பு தடவச் சொன்னால் தடவாதே.

விளையாட்டுப் பள்ளியில் தமிழை நிறுத்தச் சொன்னார்களாமே? நிறுத்தாதே. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. ஆயாவிடம் கற்ற கன்னடச் சொல்லையும் சேர்த்தே எண்ணு. சோறூட்டும்போது போன் மட்டும் வேண்டாம்.

நான் உனக்குப் பருப்பு கடைந்தது நினைவிருக்கிறதா? உள்ளங்கையில் முழங்கையால் கடைந்து, விரல் விரலாய் மடக்கிச் சோறு பங்கிட்டு, நண்டு போல விரல்கள் மேலே ஊரும். அக்குளுக்குச் சற்று முன்னால் நிறுத்திவிடு. அவன் முகத்தையே பார். மனதுக்குள் பத்து எண்ணு. கண்ணால் கேட்பான், கையை இழுப்பான், ‘ஊம்’ என்பான். உடனே கிச்சுகிச்சு மூட்டு. அந்த ‘ஊம்’ உன்னோடு பேசுவதுதான். நீயும் மாப்பிள்ளையும் அவன் வாய் திறக்குமுன்பே எல்லாவற்றையும் நீட்டிவிடுகிறீர்கள். ‘பா’ என்றால், ‘பால் வேணுமா? இந்தா, பால்!’ என்று கொடு. ‘சொன்னாத்தான் தருவேன்’ என்று மட்டும் மடக்காதே.

டாக்டரிடம் நாள் வாங்கியதும் சொல். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் முதல் நாள் ராத்திரி ரயிலில் நான் ஏறிவிடுகிறேன்.

அம்மா