ஆங்கில வாக்கியத்தைத் தமிழிலிருந்து தொடங்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், மாலை நேரங்களில் எங்கள் தெருப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டுப்பாடத்தில் உதவி வருகிறேன். அவர்களுடைய ஆங்கில நோட்டுகளைத் தொடர்ந்து பார்த்ததில் எனக்குப் பட்ட ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாகப் பாடநூல் குழுவினருக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன். எளிய வாக்கியங்களில் இப்பிள்ளைகள் செய்யும் பிழைகளுள் பல, கவனக்குறைவால் வருபவை அல்ல. தமிழ் இலக்கணத்தை அவர்கள் சரியாகக் கடைப்பிடிப்பதால் வருபவை.

சென்ற வாரம் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'மை ஃபாதர் டெய்லர்' என்று எழுதிய பக்கத்தைக் காட்டினாள். சிவப்பு மையில் ஒரு சுழி போட்டு, இடையே 'இஸ் எ' என்று சேர்க்கப்பட்டிருந்தது, காரணம் சொல்லப்படவில்லை. "எங்க அப்பா டெய்லர்னுதானே தாத்தா சொல்றோம், நடுவுல 'இஸ்' எதுக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தமிழில் பெயர்ச்சொல்லே பயனிலையாக நிற்கும். அதைப் பெயர்ப் பயனிலை என்று அவள் தமிழ்ப் பாடத்தில் படிக்கவும் செய்கிறாள். ஆங்கில வாக்கியமோ வினைச்சொல் இன்றி நிற்காது; வேறு வினை இல்லாத இடத்தில் 'ஆம், இஸ், ஆர்' என்பவற்றுள் ஒன்று வந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதன்பின் அவள் எழுதிய எட்டு வாக்கியங்களில் ஒன்றில்தான் 'இஸ்' விடுபட்டது. ('எ' என்பது வேறொரு தலைவலி, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.)

இதைவிடச் சிக்கலானது நம்முடைய 'எனக்கு'. எனக்கு இரண்டு தம்பிகள், எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும் என்று நான்காம் வேற்றுமையில் நாம் சொல்லும் மூன்றையும் ஆங்கிலம் 'நான்' என்ற எழுவாயாக மாற்றிக்கொண்டு 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் ஹங்க்ரி', 'ஐ நோ' என்கிறது. இது தெரியாத பிள்ளை 'எனக்கு' என்பதற்கு 'மீ' என்று பொருள் படித்ததை நம்பி 'மீ டூ பிரதர்ஸ்' என்றுதான் எழுதும்.

சொல் வரிசையைப் புரியவைக்க நான் நாட்காட்டித் தாள்களைக் கிழித்துச் சீட்டுகளாக்கி வைத்திருக்கிறேன். 'நாய்', 'பூனையை', 'துரத்தியது' என்ற மூன்று சீட்டுகளில் முதல் இரண்டை இடம் மாற்றி வைத்தாலும் துரத்தியது நாய்தான். 'ஐ' உருபு பூனையோடு ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. 'தி டாக்', 'சேஸ்ட்', 'தி கேட்' என்ற சீட்டுகளில் முதலையும் கடைசியையும் மாற்றினால் பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும். பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள். உருபு செய்யும் வேலையை அங்கே இடம் செய்கிறது என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியிருப்பதில்லை. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட இது எளிது என்பது என் அனுபவம்.

'ஐ டிட் நாட் வென்ட்' என்ற பிழையைப் பலரும் நொந்துகொள்கிறார்கள். 'டிட்' வந்தபின் வினை ஏன் அடிப்படை வடிவத்துக்குத் திரும்புகிறது என்பதற்கு நம் மொழியிலேயே சான்று இருக்கிறது. நாம் 'போனேன்' என்கிறோம். எதிர்மறையில் 'போனேனில்லை' என்று சொல்வதில்லை, 'போகவில்லை' என்கிறோம். 'போக' என்பதில் காலமும் இல்லை, தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடமும் இல்லை. 'டிட் நாட்' என்பதற்குப் பின்னே வரும் 'கோ' அதைப் போன்றதே என்று சொன்னால், ஏழாம் வகுப்புப் பையன்கூடச் சட்டென்று பிடித்துக்கொள்கிறான்.

முதல் பாடவேளையில் எழுவாய், செயப்படுபொருள் என்று படித்த மாணவர், அடுத்த பாடவேளையில் சப்ஜெக்ட், ஆப்ஜெக்ட் என்று அவற்றையே புதிதாகப் படிக்கிறார். இரண்டும் ஒன்றே என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் விதிக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. பேச்சுப் பயிற்சி முழுக்க ஆங்கிலத்தில் நடப்பதை நான் மறுக்கவில்லை; காதில் விழாத மொழி நாவில் வராது என்பதும் உண்மையே. ஆனால் பிழையின் காரணத்தை விளக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காவது தமிழை அனுமதிக்க வேண்டும்.

ஆகவே, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஆங்கிலப் பாடநூல்களில் ஒவ்வொரு இலக்கணப் பகுதியின் தொடக்கத்திலும், அதே கருத்தைத் தமிழ் எவ்வாறு சொல்கிறது என்று காட்டும் அரைப் பக்கத்தைச் சேர்க்குமாறு மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த அரைப் பக்கத்தை எழுதும்போது ஆங்கில ஆசிரியர்களோடு ஒரு தமிழாசிரியரையும் உட்கார வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தென்காசி மாவட்டம்.