கென்னடியின் கைகளைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அதிபர்களின் அதிகாரபூர்வ ஓவியங்கள் பற்றிய ஞாயிறு கட்டுரை நன்றாக இருந்தது. கென்னடி படத்தைப் போட்ட விதம்தான் மனசுக்கு ஒப்பவில்லை. கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டீர்கள். அந்த ஓவியத்தில் தலை குனிந்திருக்கிறது, கண்கூடச் சரியாகத் தெரியாது. விஷயமெல்லாம் கட்டிய கைகளில்தான்.

கம்பத்தில் முப்பத்தொரு வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். கைகட்டும் போஸ் எங்கள் தொழிலில் கொஞ்சம் வில்லங்கமானது. புதிதாக ஜெயித்த ஊராட்சித் தலைவர் ஒருவர், அலுவலகத்தில் மாட்டுவதற்கு விவேகானந்தர் மாதிரி கைகட்டி ஒரு படம் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவருடைய அப்பா பிரிண்ட்டோடு வந்து நின்றார். "இவன் யார் முன்னாடி தம்பி கைகட்டி நிக்கிறான்?" பண்ணையார் வீட்டு வாசலில் அப்படி நின்ற தலைமுறை அவர். எனக்குப் பதில் வரவில்லை. காசு வாங்காமல் மறுபடி எடுத்துக் கொடுத்தேன், கையை மேசைமேல் வைத்து.

1893 சிகாகோ படத்தில் விவேகானந்தரின் நெஞ்சு நிமிர்ந்திருக்கும், பார்வை எங்கோ பக்கவாட்டில் போகும். அதே கைகட்டில் தோள் சுருங்கி முகவாய் இறங்கிவிட்டால் வேறு ஆள். அந்தத் தலைவர் முகவாயை இறக்கியிருந்தார், நானும் கவனிக்கவில்லை.

கென்னடியை ஆரன் ஷிக்லர் 1970-ல் வரைந்தபோது அவர் இறந்து ஏழு வருடம் ஆகிவிட்டது. கண்ணுக்குக் கீழே வீங்கி, துளைத்துப் பார்க்கும் அந்த வழக்கமான முகம் வேண்டாம் என்று மனைவி ஜாக்குலின் சொல்லிவிட்டார். அண்ணன் கல்லறை முன்னால் தம்பி எட்வர்ட் கைகட்டித் தலைகுனிந்து நிற்கும் புகைப்படம் ஒன்று ஷிக்லர் மனதில் இருந்தது. துக்கத்துக்கு வந்து நின்றவனின் நிலையை இறந்தவருக்கே கொடுத்துவிட்டார். இதை முதல்முறை படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அப்புறம், ஒபாமா படத்தில் இருக்கும் பூக்களுக்கு அரைப் பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். சரி, அவர் பிறந்த ஹவாய்க்கு மல்லிகை, அரசியலில் வளர்ந்த சிகாகோவுக்குச் செவ்வந்தி. மல்லிகையைப் பார்த்து "கல்யாணப் படமா?" என்று கேட்டாள் என் மனைவி. ஆனால் அவரும் முழங்கால்மேல் கைகட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு முறை கென்னடியைப் போட்டால் முழுசாகப் போடுங்கள். இடம் போதாவிட்டால் கட்டுரையில் நாலு வரி குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பழைய ஸ்டுடியோக்காரர், கம்பம்