உயிர் விழுகிறது, மெய் விழவில்லை

குமாரபாளையம்,
ஆடி 19

மாப்ளே சுந்தரம்,

இனிமேல் உன்னோடு முக்கியமான சங்கதி எதையும் போனில் பேசுவதாக இல்லை. முந்தாநாள் நீ என் கையைப் பற்றி விசாரித்து, “கட்டு எடுத்தாச்சா?” என்று கேட்டிருக்கிறாய். எனக்கு அது “பட்டு எடுத்தாச்சா?” என்று விழுந்தது. பேத்தி கல்யாணத்துப் புடவையைத்தான் கேட்கிறாய் என்று நினைத்து, “இன்னும் இல்லை மாப்ளே, காஞ்சிபுரம் போய்த்தான் எடுக்கணும்னு வீட்டில் ஒரே பிடிவாதம்” என்றேன். நீ பதறிப்போய், கட்டுப் பிரிக்கக் காஞ்சிபுரமா, இங்கே கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம் என்று கத்தினாய். அதிலும் பாதிதான் எனக்கு விழுந்தது. உன் வீட்டுத் தங்கச்சி போனை வாங்கியிருக்காவிட்டால் நாம் இன்னும் பேசிக்கொண்டிருப்போம்.

கட்டுப் பிரித்தாயிற்று. கை தேவலை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பட்டு இன்னும் எடுக்கவில்லை.

நேற்றுப் பெருக்குக்கு ஆற்றில் நல்ல தண்ணீர். பவானிப் பாலத்தின் மேல் நடக்க இடமில்லை. உன் பழைய தறிக் குடோன் இருந்த இடத்தில் இப்போது மினரல் வாட்டர் கேன் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஊர்ச் சேதி அவ்வளவுதான். மற்றதெல்லாம் நம் காது சேதி.

கட்டு, பட்டு கதையைத் தேன்மொழியிடம் சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா, என் தங்கை பேத்தி? மைசூரில் அகில இந்தியப் பேச்சு செவி நிறுவனத்தில் படிக்கிறாள். 1965இல் தொடங்கியது, இந்தப் படிப்புக்கு அதுதான் பெரிய இடம். அவள் கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை. “தாத்தா, உங்களுக்கு ‘அ’ நல்லா விழுது. முன்னாடி நிக்கிறது ‘க்’கா ‘ப்’பான்னுதான் தெரியலை. ரெண்டும் வல்லினம். வல்லினம்னு பேர் வெச்சவங்க சத்தத்தை டெசிபல்ல அளந்து வெக்கலை” என்றாள்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கசடதபற சொல்லிக்கொடுத்தவனிடம் வந்து இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் அவள் சொன்னது சரி. பேச்சில் பலமெல்லாம் உயிரெழுத்துக்குத்தான். அது கீழ்ச்சுருதியில், நீளமாக, கனமாக வரும். மெல்லினமும் மூக்கால் முனகுவதால் ஓரளவு தப்பித்துவிடுகிறது. வல்லினம் ஒரு சின்ன வெடிப்பு. நொடியில் நூறில் சில பங்கு நேரம்தான் இருக்கும். அது எந்த எழுத்து என்று காட்டும் அடையாளம் பெரும்பாலும் மேல்சுருதியில், 2000, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. நமக்குப் பழுதான இடமும் சரியாக அதுதான். அதனால்தான் நம்மிடம் யாராவது பேசினால் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பது கேட்பதில்லை. உயிர் விழுகிறது, மெய் விழவில்லை. வீட்டில் உள்ளவர்களுக்கு இது புரிவதே இல்லை. “ஏன் கத்தறே, எனக்குக் காது கேட்குது” என்கிறோம், அடுத்த நிமிடம் “என்ன சொன்னே?” என்கிறோம். நடிக்கிறான் கிழவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கத்தினாலும் பெரிதாவது உயிரெழுத்துதான்.

போனில் இன்னும் மோசம். சாதாரணத் தொலைபேசி இணைப்பு 300இலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுபோகும். மேலே உள்ளதை அதுவே வெட்டிவிடும். அதோடு உதடும் தெரியாது. நானும் காது மிஷினோடு போனை வைத்தால் கீச்சென்று கத்துகிறதே என்று கழற்றி வைத்துவிட்டுப் பேசியிருக்கிறேன். கட்டு பட்டானதில் ஆச்சரியம் என்ன?

ஆமாம், மிஷின் மாட்டிக்கொண்டேன். மாசி மாதத்திலிருந்து, இரண்டு காதிலும். உன்னிடம் சொல்லவில்லை. வெட்கம்தான், வேறென்ன. நீ உன்னுடையதை பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பதாகத் தங்கச்சி சொன்ன பிறகுதான் எழுதத் துணிந்தேன்.

ஈரோட்டில்தான் டெஸ்ட் எடுத்தேன். சாமி அறை அளவுக்கு ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தியதும் என் காதுக்குள் இருக்கும் ரீங்காரம் ஒன்றுதான் உலகத்தில் மிச்சம். ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் வந்தால் அழுத்தச் சொன்னார்கள். முதலில் எளிதாகத்தான் இருந்தது. பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. டெஸ்ட் முடிந்துவிட்டதாக்கும் என்று கண்ணாடி வழியே பார்த்தால், அந்தப் பெண் மும்முரமாகக் குமிழைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். அவள் அனுப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள், எனக்குத்தான் வந்து சேரவில்லை.

அப்புறம் ஆடியோகிராம் என்ற வரைபடக் காகிதத்தை நீட்டினாள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. 250, 500, 1000 ஹெர்ட்ஸ் வரை இரண்டும் ஒழுங்காக, பாலத்தில் நடப்பதுபோல் போகின்றன. 2000இல் இறங்கத் தொடங்கி 4000இல் கிணற்றில் விழுந்து, 8000இல் கொஞ்சம் ஏறி நிற்கின்றன. வயசுக்கோளாறு மட்டும் என்றால் அப்படியே சரிந்துகொண்டே போகுமாம். 4000 பக்கம் பள்ளமாகிப் பிறகு ஏறினால் அது சத்தம் தின்ற காது. அவள் காகிதத்தைப் பார்த்தபடி, “ஐயா தறி ஓட்டினீங்களா?” என்று கேட்டாள். வாத்தியார் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். கைரேகை ஜோசியக்காரன்கூட இப்படிச் சொன்னதில்லை.

பதினாலு வயதில் உன்னோடு சேர்ந்து தறிக்குத் தார் நூல் சுற்றிப் போட வந்தவன், வேலை உத்தரவு வரும் வரை பதினோரு வருடம். நீ நாற்பது. ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அடிபடுவது ஒரு தறியில் நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல். ஒரு குடோனில் எட்டுத் தறி, மேலே தகரக் கூரை. பழைய தொழிற்சாலைச் சட்டப்படி 90 டெசிபலில் எட்டு மணி நேரம் நிற்கலாம். ஒவ்வொரு 5 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாக வேண்டும். 95இல் நாலு மணி, 100இல் இரண்டு மணி. போன லீவில் தேன்மொழி ஒரு மீட்டரைக் கொண்டுவந்து, பக்கத்துத் தெருவில் இன்னும் ஓடுகிற ஒரு குடோனில் வைத்துப் பார்த்தாள். 98 காட்டியது. நாம் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அந்தச் சட்டம் பத்து ஆளாவது வேலை செய்த தொழிற்சாலைக்குத்தான் இருந்தது, நம் குடோனில் எண்ணிப் பார்த்தால் ஆறு பேர்.

நம்மைப்போல ஓர் ஊர் ஸ்காட்லாந்தில் இருக்கிறது மாப்ளே, டண்டீ என்று. அங்கே சணல் தறி. பெரும்பாலும் பெண்கள்தான் ஓட்டினார்கள். தறியும் சத்தமும் அரை நூற்றாண்டாக மாறவே இல்லை என்பதால், எத்தனை வருடம் ஓட்டினால் எவ்வளவு காது போகும் என்று கணக்குப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. 1965இல் அந்த ஆய்வு வெளியானது. 4000 ஹெர்ட்ஸில் நடக்கும் சேதத்தில் பெரும்பகுதி முதல் பத்துப் பதினைந்து வருடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் நிற்காமல் ஓட்டினால் இருபது வருடத்துக்கு மேல் பேச்சுக்கு வேண்டிய கீழ்ப்பகுதியும் இறங்க ஆரம்பிக்கிறது. பதினோரு வருடம் ஓட்டிய நான் முதல் பாகத்தோடு தப்பித்தேன். நீ இரண்டு பாகமும் பார்த்தவன்.

இதைவிட என்னை அசைத்தது இன்னொன்று. நமக்கு வாரம் ஒரு நாள் தறி லீவு விடுவார்கள் அல்லவா? சனி ராத்திரி காது பஞ்சு வைத்ததுபோல் அடைத்திருக்கும், திங்கள் காலை தெளிந்துவிடும். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். 2009இல் அமெரிக்காவில் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு பேர் எலிகளை இரண்டே மணி நேரம் 100 டெசிபல் சத்தத்தில் வைத்துப் பார்த்தார்கள். சில நாளில் எலிகளின் கேள்வித்திறன் பழைய நிலைக்கே வந்துவிட்டது. டெஸ்டில் குறையே தெரியவில்லை. ஆனால் உள்காதைத் திறந்து பார்த்தால், மேல்சுருதிப் பகுதியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்லுக்கும் நரம்புக்கும் இடையே உள்ள இணைப்புகளில் ஏறக்குறையப் பாதி அறுந்து கிடந்தன. செல் இருக்கிறது, பாவு அறுந்துவிட்டது. நமக்கும் அதுவேதான் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உயிரோடு இருக்கிறவன் காதைத் திறந்தா பார்க்க முடியும்? ஆனாலும் அந்தத் திங்கட்கிழமைகளை நினைத்தால் இப்போது என்னவோ போலிருக்கிறது.

இவ்வளவு நாள் எப்படி ஓட்டினோம் என்று யோசித்திருக்கிறாயா? எனக்கு 2020இல்தான் தெரிந்தது. எல்லோரும் முகக்கவசம் போட்ட அன்றைக்கு எனக்கு ஊரே ஊமையாகிவிட்டது. மளிகைக் கடையில் மூன்று தடவை கேட்டும் புரியாமல் நூறு ரூபாயை நீட்டிவிட்டு மீதியை வாங்கிக்கொண்டு வந்தேன். அதுவரை நான் உதட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எங்கே கற்றேன்? குடோனில்தான். நூல் அறுந்தால் இரண்டு விரலால் கத்தரி காட்டுவோம், டீ வந்தால் கட்டை விரல், முதலாளி வந்தால் மீசை. மிச்சமெல்லாம் வாயசைவு. இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைகளிலும் இதே கதைதான், சத்தமில்லாமல் வாயை மட்டும் பெரிதாக அசைத்துப் பேசுவார்களாம். அதற்கென்று அங்கே தனிப் பேரே இருக்கிறது. நாம் பேர் வைக்கவில்லை.

சரி, உன் பீரோவுக்கு வருகிறேன். உன்மேல் தப்பில்லை. அந்தக் கடையில் டெஸ்ட்டே எடுக்காமல், காதில் சொருகி, “கேட்குதா சார்?” என்று கேட்டுப் பணம் வாங்கியிருக்கிறான். எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவு ஏற்றினால் உனக்கு ஏற்கெனவே நன்றாக விழுகிற உயிரெழுத்தும் லாரி ஹாரனும்தான் இன்னும் பெரிதாகும். கழற்றி எறியாமல் என்ன செய்வாய்? எனக்கு ஆடியோகிராமை வைத்து, பள்ளம் இருக்கும் இடத்தில் மட்டும் மேடாக்கினார்கள். பிறகு மயிரிழைபோல் ஒரு சன்னக் குழாயைக் காதுக்குள் விட்டு, மிஷின் போட்ட பிறகு செவிப்பறை பக்கம் எவ்வளவு சத்தம் போய்ச் சேருகிறது என்று அளந்தார்கள். அந்த அளவை எடுக்காத இடத்தில் நீ மிஷின் வாங்காதே. விலையைவிட அது முக்கியம் என்பேன்.

அப்படிச் செய்தும் முதல் வாரம் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. என் வேட்டி உரசும் சத்தம் எனக்கே கேட்டது. பேப்பரைப் புரட்டினால் தகரத்தை நசுக்குவதுபோல் இருந்தது. மூளை அந்தச் சுருதிகளையெல்லாம் வருடக்கணக்கில் மறந்துவிட்டது, திரும்பப் பழக வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். முதலில் வீட்டுக்குள் இரண்டு மணி நேரம், அப்புறம் கூட்டிக்கொண்டே போகணும். கல்யாண மண்டபத்தில் மாட்டிக்கொண்டு போய்ச் சோதிக்கக் கூடாது. நான் மூன்றாம் நாளே போய்ப் பட்டேன். பாட்டரி விஷயம் ஒன்று. அதன் ஸ்டிக்கரைப் பிரித்தால் காற்று உள்ளே போய் வேலை ஆரம்பித்துவிடும். மறுபடி ஒட்டினாலும் நிற்காது. நீ பூட்டி வைத்திருப்பதில் கிடப்பது எப்போதோ செத்திருக்கும். என்னுடையது ஆரஞ்சு ஸ்டிக்கர்.

மிஷின் போட்டால் மறதி நோய் வராது என்று விளம்பரம் வருகிறதே, அதை அப்படியே நம்பிவிடாதே. அமெரிக்காவில் 70லிருந்து 84 வயதுக்குள் 977 பேரை மூன்று வருடம் பார்த்து 2023இல் முடிவு சொன்னார்கள். மொத்தமாகப் பார்த்தால் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நினைவாற்றலில் வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே இதய நோய் ஆய்வு ஒன்றில் இருந்தவர்களைத் தனியாகப் பிரித்தால், அவர்களுக்குச் சரிவு 48 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் மற்றவர்களைவிட வயதிலும் உடல்நலத்திலும் ஆபத்து அதிகமுள்ளவர்கள். பாதிச் செய்தியை விளம்பரக்காரன் சொல்கிறான், மீதியை நான் சொல்கிறேன். எனக்கு மறதியைப் பற்றிக் கவலை இல்லை, கட்டா பட்டா என்று தெரிந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. பீப் சத்தம் மட்டும் வைத்து நம் கஷ்டத்தை அளக்க முடியாது. வார்த்தை வைத்தும் சோதிக்க வேண்டும். அதுவும் தமிழ் வார்த்தை. நம் பேச்சில் எந்த ஒலி எவ்வளவு வருகிறதோ அதே விகிதத்தில் வருகிற மாதிரி தமிழ்ச் சொற்பட்டியலை எழுபதுகளிலேயே மைசூரில் செய்துவிட்டார்கள். எனக்கு 25 வார்த்தை வாசித்தார்கள். வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டுதான். மிஷின் இல்லாமல் 17 சரி. போன மாதம் மிஷினோடு 22.

அந்தப் பட்டியலைத் தர மாட்டார்கள், தெரிந்துகொண்டு போனால் டெஸ்ட் வீண். அதனால் பின்பக்கத்தில் நானே ஒன்று எழுதியிருக்கிறேன். சும்மா நமக்குள் விளையாட்டுக்கு. கட்டு, பட்டு, தட்டு, சட்டி, பத்தி, கத்தி என்று இருபது வார்த்தை. இந்தத் தாளை நீ திருப்பாதே, தங்கச்சியிடம் கொடு. அவள் முகத்தைப் பேப்பரால் மறைத்துக்கொண்டு, வரிசையை மாற்றிப் படிக்கட்டும். உனக்கு விழுந்ததை விழுந்தபடி எழுதி எனக்குத் தபாலில் அனுப்பு. திருத்தி எழுதாதே. முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன், காப்பி அடித்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன்,
ராஜமாணிக்கம்