உருவகம் என்றால் பொய்யா?

பசுமலை,
மதுரை.

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருக்குள் அம்மாவின் வாழ்த்துகள். நாங்கள் இங்கே சுகம். அப்பாவுக்கு மூட்டுவலி இந்த வாரம் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடந்தே வந்தார்.

நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இது அவசரமாகப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. நீயும் உன் அறையில் இருக்கிற பையனும் வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாக வாசிக்கவேண்டியது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் வேதபாடக் குழுவை நடத்துகிறவர், "வேதத்தில் இருப்பதை எழுத்துப் பிசகாமல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும், உருவகம் என்று சொல்கிறவன் வேதத்தைப் பொய்யாக்குகிறான்" என்றாராம். அதைக் கேட்டுவிட்டு அந்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன், தாயை வெறுக்காதவன் சீஷனாயிருக்கமாட்டான் என்கிற லூக்கா 14:26-ஐக் காட்டி, ஊரில் இருக்கிற தாயின் போனை எடுக்காமல் இருக்கிறான் என்றும் எழுதியிருந்தாய். அந்தத் தாயை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. சரி, அந்த வசனத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உருவகம் என்றால் பொய் என்ற பேச்சை முதலில் பார்த்துவிடுவோம்.

நீ மதுரையில் பள்ளிக்கூடம் போன பிள்ளை. தற்குறிப்பேற்ற அணிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் உன் வகுப்பில் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் சொல்வீர்கள். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வருகிறார்கள். மதில்மேல் காற்றில் ஆடுகிற கொடிகள், வராதே வராதே என்று கைகாட்டி மறிப்பதுபோல் இருந்தன என்கிறார் இளங்கோ. அதற்குச் சற்று முன்னால் வைகையைச் சொல்கிறார்: கண்ணகிக்கு வரப்போகிற துன்பம் தெரிந்தவள்போல், பூக்களை ஆடையாகப் போர்த்துக்கொண்டு, கண்ணில் நிறைந்த நீரை மறைத்து அடக்கிக்கொண்டாளாம். இத்தனை வருஷம் தமிழ் வகுப்பு எடுத்தேன். வைகைக்குக் கண் எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. இளங்கோ பொய் சொல்கிறார் என்றும் யாரும் நினைத்ததில்லை. ஊருக்குள் நுழைகிறவர்களுக்கு என்ன காத்திருக்கிறது என்ற உண்மையை அதைவிட நெஞ்சில் படும்படி எப்படிச் சொல்வது?

அதே பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை 98ஆம் சங்கீதத்தில் "ஆறுகள் கைகொட்டி" என்று வாசிக்கிறார்கள். ஏசாயா 55-இல் "வெளியின் மரங்களெல்லாம் கைகொட்டும்" என்று வாசிக்கிறார்கள். 91ஆம் சங்கீதத்தில் கர்த்தர் தமது சிறகுகளாலே மூடுகிறார். கர்த்தருக்கு இறகு முளைத்திருக்கிறது என்று உங்கள் குழு நடத்துகிறவரும் போதிக்கமாட்டார். ஆகவே அவரும் உருவகத்தை உருவகமாகத்தான் வாசிக்கிறார், எல்லா இடத்திலும் அப்படி வாசிப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆண்டவர் தாமே எப்படிப் பேசினார் என்று பார். யோவான் சுவிசேஷத்தை ஒரே மூச்சில் வாசித்தால் இது தெளிவாகத் தெரியும். மறுபடியும் பிறக்கவேண்டும் என்கிறார். நிக்கொதேமு, தாயின் வயிற்றில் மறுபடியும் போக முடியுமா என்கிறான். ஜீவத்தண்ணீர் என்கிறார், சமாரியப் பெண், மொண்டுகொள்ளப் பாத்திரம் இல்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே என்கிறாள். லாசரு நித்திரையடைந்திருக்கிறான் என்கிறார். தூங்கினால் சுகமடைவானே என்கிறார்கள் சீஷர்கள். மத்தேயு 16-இல் பரிசேயரின் புளித்த மாவைக் குறித்து எச்சரிக்கிறார். சீஷர்களோ அப்பம் கொண்டுவர மறந்துவிட்டோமே என்று கவலைப்படுகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டவர்கள்தான் அவர் சொன்னதைத் தவறவிடுகிறார்கள். கடைசி இரவில், யோவான் 16:25-இல், இவைகளை நான் உவமைகளாய் உங்களுடனே பேசியிருக்கிறேன் என்று அவரே சொல்லியும் விடுகிறார்.

இதில் நீ நின்று யோசிக்கவேண்டிய ஓர் இடம் உண்டு. யோவான் 2-இல், "இந்த ஆலயத்தை இடித்துப்போடுங்கள், மூன்று நாளைக்குள்ளே இதை எழுப்புவேன்" என்கிறார். கேட்டவர்கள், இதைக் கட்ட 46 வருஷம் ஆயிற்றே என்கிறார்கள். அவர் தம்முடைய சரீரமாகிய ஆலயத்தைக் குறித்துப் பேசினார் என்று யோவான் நமக்கு விளக்கம் எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் அந்த வார்த்தை எங்கே திரும்ப வருகிறது தெரியுமா? பிரதான ஆசாரியனுடைய விசாரணையில். கைவேலையாகிய தேவாலயத்தை இடித்துவிட்டு மூன்று நாளில் வேறொன்றைக் கட்டுவேன் என்று இவன் சொன்னான் என்று சிலர் எழுந்து சாட்சி சொல்கிறார்கள். மாற்கு 14 அதைப் பொய்ச்சாட்சி என்றே எழுதுகிறது. சிலுவையின் கீழே போனவர்களும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் தூஷித்தார்கள். உருவகமாகச் சொன்னதைக் கல்லும் மண்ணுமாக எடுத்துக்கொண்டு அவருக்கு விரோதமாகத் திருப்பினார்கள், தம்பி. வேதத்தைப் பொய்யாக்குவது எது என்று உங்கள் குழுவில் பேச்சு வந்தால் இந்த இடத்தை எடுத்து வாசி. சண்டைக்காக வேண்டாம், பணிவாகவே வாசி.

உருவகம் என்று சொன்னால் வசனத்தின் பாரம் குறைந்துவிடும் என்ற பயமும் அவர்களுக்கு இருக்கிறது போலும். எனக்கு நேர்மாறாகத்தான் தெரிகிறது. "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்ற குறளை நினைத்துக்கொள். மயிலிறகையும் வண்டியையும் மட்டும் சொல்லிவிட்டு, சொல்லவந்ததைக் கேட்கிறவன் மனதுக்கே விட்டுவிடுகிறார் வள்ளுவர். பிறிதுமொழிதல் அணி. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் கொல்லுவித்த தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி செய்தது அதுதான். ஏழை ஒருவனுடைய ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பிடித்துச் சமைத்த கதையைச் சொல்கிறான். தாவீது அதை நடந்த வழக்கு என்றே எடுத்துக்கொண்டு, அவன் மரணத்துக்குப் பாத்திரன் என்று கோபப்படுகிறான். "நீயே அந்த மனுஷன்." விபசாரம், கொலை என்று நேரே குற்றப்பத்திரிகை வாசித்திருந்தால் ராஜா ஆயிரம் நியாயம் சொல்லியிருப்பான். கதை அவன் வாயாலேயே தீர்ப்பை வாங்கிவிட்டது.

வலதுகண் இடறலுண்டாக்கினால் பிடுங்கி எறிந்துபோடு என்பதையும் கேட்டிருந்தாய். நம் இலக்கணத்தில் இது உயர்வு நவிற்சி. வலதுகண்ணைப் பிடுங்கியவனுக்கு இடதுகண் இருக்கிறது, அதனாலும் இச்சிக்கலாம். இரண்டையும் பிடுங்கினாலும் மனது இருக்கிறது. அந்த அதிகாரத்தில் ஆண்டவர் பேசுவது இருதயத்தில் செய்கிற விபசாரத்தைப் பற்றித்தானே. பாவத்துக்குக் காரணமானது உனக்கு எவ்வளவு வேண்டியதாக இருந்தாலும் இரக்கம் பார்க்காமல் அறுத்துவிடு என்கிறார். இது எளிதான கட்டளையா? கையில் இருக்கிற போனிலிருந்தே தொடங்கிப் பார், எவ்வளவு வலிக்கிறது என்று தெரியும். பழைய சபையில் ஓரிகன் என்று பெரிய வேதபண்டிதர் இருந்தார், அலெக்சாந்திரியாக்காரர். பரலோகராஜ்யத்தினிமித்தம் அண்ணகர்களானவர்கள், அதாவது ஆண்மையை நீக்கிக்கொண்டவர்கள், உண்டு என்ற மத்தேயு 19:12-ஐ வாலிப வயதில் அப்படியே தம் உடம்பில் நிறைவேற்றிக்கொண்டார் என்று சபைச் சரித்திரக்காரர் யூசிபியஸ் எழுதியிருக்கிறார். இதை நம்பாத அறிஞர்களும் உண்டு. ஆனால் அதே ஓரிகன் பிற்காலத்தில் மத்தேயுவுக்கு விளக்கம் எழுதும்போது, அந்த வசனத்தை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதியது நிச்சயம்.

இதனால் எல்லாவற்றையும் உருவகம் ஆக்கிவிடலாம் என்று நினைத்துவிடாதே. அந்தப் பக்கமும் பள்ளம்தான். நல்ல சமாரியன் கதையில் அடிபட்டவன் ஆதாம், கள்ளர் பிசாசும் அவன் தூதரும், சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல் என்று அகஸ்தீன் விளக்கினார். எவ்வளவு பெரிய பரிசுத்தவான்! ஆனாலும் எனக்கு அந்த விளக்கம் ஒப்பவில்லை. எனக்குப் பிறன் யார் என்று ஒருவன் கேட்டதற்கு ஆண்டவர் சொன்ன கதை அது, "நீயும் போய் அந்தப்படியே செய்" என்று முடிகிறது. சத்திரத்துக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தால், நம் பாதையில் அடிபட்டுக் கிடக்கிறவனைத் தாண்டிப் போய்விடுவோம்.

ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்ற வசனமும் அப்படித்தான். எருசலேமில் ஊசிக்காது என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கி முழங்காலிட்டால் நுழைந்துவிடும் என்று நீயும் பிரசங்கத்தில் கேட்டிருப்பாய். அப்படி ஒரு வாசல் அந்தக் காலத்தில் இருந்ததற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. ஐசுவரியவானுக்கு வசனத்தை வசதியாக்கித் தருகிற கதை அது. கொஞ்சம் குனிந்தால் போதும் என்றால், யார் இரட்சிக்கப்படக்கூடும் என்று சீஷர்கள் ஏன் அவ்வளவு ஆச்சரியப்பட்டார்கள்? மனுஷரால் இது கூடாதது என்று ஆண்டவர் ஏன் சொன்னார்? கூடாததைச் சொல்லத்தான் ஒட்டகத்தையும் ஊசியையும் எடுத்தார்.

உயிர்த்தெழுதலையும் சிலர் உருவகம் என்கிறார்கள். அதில் நான் உடன்படவே மாட்டேன். கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுல் எழுதுகிறார். அவரைக் கண்ட ஐந்நூறு பேருக்கு அதிகமானவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்த்து எழுதுகிறார். உருவகத்துக்கு யாரும் சாட்சிகளைக் கூப்பிடுவதில்லை.

அப்படியானால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பாய். சூத்திரம் கிடையாது. யார், யாரிடம், எந்தக் கேள்விக்குப் பேசுகிறார் என்று பார். அதே காரியத்தை வேதம் வேறு எங்கே, எப்படிச் சொல்கிறது என்று பார். சொல்லில் வருகிற பொருளைத் தெரிந்துகொள்வதும் முக்கியம். யோவான் 10-இல் நானே வாசல் என்கிறார், நானே நல்ல மேய்ப்பன் என்றும் சொல்கிறார். ஒருவரே எப்படி இரண்டும் ஆவார் என்று பட்டணத்துப் பிள்ளைகள் குழம்புவார்கள். அறுவடை முடிந்த வயலில் ஆடு மேய்க்கிற கீதாரிகள் கிடை போடுவதை நீ திருமங்கலம் பக்கம் பார்த்திருக்கிறாய். பட்டியைத் திறப்பதும் அடைப்பதும் அந்த மனிதர்தான், ராத்திரி காவலும் அவர்தான். அவரைத் தாண்டி ஒரு குட்டியும் வெளியே போகாது, நரியும் உள்ளே வராது. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் குழப்பமே இருக்காது. உன் நண்பன் அந்த மண்ணில் வளர்ந்தவன், அவனுக்கு இது உன்னைவிட நன்றாகப் புரியும்.

இப்போது லூக்கா 14:26. தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால் எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்ற வசனம். அந்த வரிசையில் மனைவி, பிள்ளைகள், சகோதரர், சகோதரிகள் வருகிறார்கள். கடைசியில் "தன் ஜீவனையும்" என்று வருகிறது. தாயை எழுத்தின்படி வெறுக்கிறவன் தன் உயிரையும் எழுத்தின்படி வெறுக்க வேண்டுமே, அவன் மூன்று வேளையும் சாப்பிடுகிறானே. இதே லூக்கா 6-இல் சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்கிறார் ஆண்டவர். சத்துருவை நேசிக்கச் சொன்னவர் பெற்றவளைப் பகைக்கச் சொல்வாரா? இதே காரியத்தை மத்தேயு 10:37-இல் விளக்கமாகவே சொல்லியிருக்கிறார்: தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல. மாற்கு 7-இல் பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறவர்களை எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்று பார். சிலுவையில் தொங்கும்போதும் தம் தாயை அன்பான சீஷனிடம் ஒப்புவித்தார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

இதைச் சொல்லி அந்தப் பையனுக்கு வசனத்தை லேசாக்கிக் கொடுத்துவிடாதே. அவன் வீட்டில் முதல் முதலாக ஆண்டவரை ஏற்றுக்கொண்டவன். மாசியில் குலசாமி கும்பிடப் போகும்போது அவன் வராமல் நின்றால் அந்தத் தாய்க்கு எப்படி இருக்கும்! அந்த இடத்தில் ஆண்டவரா, தாயின் மனதா என்று வரும்போது அவன் ஆண்டவரையே தேர்ந்துகொள்ள வேண்டும். இவன் நம்மை வெறுத்துவிட்டான் என்று ஊர் சொல்லும். அதைத் தாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துப் பேசி, அவள் அழுகையைக் கேட்டு, அவளை விசாரிக்கவும் வேண்டும். போனை எடுக்காமல் இருப்பது அதைவிட எவ்வளவோ சுலபம். ஆண்டவர் கேட்ட கிரயம் அது இல்லை. அதனால்தான் அடுத்த வசனங்களிலேயே, கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பதைச் சொல்கிறார்.

முதலில் அவனைத் தாய்க்குப் போன் செய்யச் சொல். வாசிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. மாற்கு 7:9 முதல் 13 வரை, அப்புறம் லூக்கா 14:25 முதல் 33 வரை சத்தமாக வாசியுங்கள். அந்த அம்மாவுக்கு நான் பேசலாமா என்று அவனிடம் கேள், அவன் சம்மதித்தால் நம்பரை அனுப்பு. உசிலம்பட்டி இங்கிருந்து தூரம் இல்லை, நானும் அப்பாவும் போய்ப் பார்த்துவிட்டும் வரலாம்.

வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றி நீ கேட்டதற்கு அப்பா தனியாக எழுதுகிறாராம். ஏழு நட்சத்திரங்களும் குத்துவிளக்குகளும் இன்னதென்று 1:20-இலேயே விளக்கம் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கச் சொன்னார்.

ஜெபத்தோடு,
அம்மா