ஆண்டறிக்கை 2025: நம் ஊர் நற்பணி மன்றம்

அனைவருக்கும் வணக்கம். பொதுக்குழுவுக்கு வந்தவர்கள் குறைவு என்பதால் அங்கே படித்த அறிக்கையை வராதவர்களும் படிக்கட்டும் என்று முழுசாக இங்கே போடுகிறேன்.

பொங்கல் விளையாட்டுப் போட்டி நடந்தது. சென்னிமலை தைப்பூசத்துக்கு நீர்மோர் பந்தல் போட்டோம். சுதந்திர தினத்தன்று கொடியேற்றிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று. மரக்கன்றும் நட்டோம்.

இனி முதியோர் பணி. இதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2024 நவம்பரில் பல்லடம் பக்கத்திலும், 2025இல் சிவகிரி பக்கத்திலும் தோட்டத்து வீட்டில் இருந்த பெரியவர்களைக் கொலை செய்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கப்புறம் நம் பக்கத்தில் எத்தனை பேர் ராத்திரி தூங்காமல் கிடந்தார்கள் என்பது அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால்தான் தெரியும். பிள்ளைகள் திருப்பூர் கம்பெனியிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள், பெரியவர்களை ஊருக்குள் வந்து இருங்கள் என்றால் மாட்டை யார் பார்ப்பது, தென்னைக்கு யார் தண்ணி விடுவது என்று கேட்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அடுத்த சாளை (தோட்டத்து வீடு) கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் இருக்கிறது. போலீஸ் ரோந்து வந்தது, கேமரா வைக்கச் சொன்னார்கள், வசதி இருந்தவர்கள் வைத்தார்கள். ஆனால் மாத்திரை தீர்ந்துபோனதையோ மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாததையோ கேமரா யாரிடமும் சொல்லாது.

அதுவரை நம் மன்றத்தின் முதியோர் பணி என்றால் அக்டோபர் 1ஆம் தேதி வேட்டி சேலை, ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு போட்டோ. அதை நிறுத்திவிட்டு வாரா வாரம் வீட்டுக்குப் போவோம் என்று செயற்குழுவில் நான் சொன்னபோது இரண்டு பேர் கடுமையாக எதிர்த்தார்கள். "பெத்த மகனே பாக்கல, நாம எதுக்கு?" என்று ஒருவர் கேட்டார். மகன் பார்க்காததால்தான் நாம் போக வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். சில மகன்கள் பார்க்க நினைத்தாலும் வர முடிவதில்லை என்பதையும் இந்த வருசத்தில் பார்த்துவிட்டோம். வெளிநாட்டில் இருந்து ஒருவர் போனில் அழுதார்.

ஏற்பாடு பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தன்னார்வலருக்கு இரண்டு வீடு. எப்போதும் அதே ஆள், அதே வீடு. வாரம் ஒரு தடவை நேரில், மற்ற நாட்களில் பொழுது சாய்வதற்குள் ஒரு போன். எடுக்கவில்லை என்றால் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஒருவர் போய்ப் பார்ப்பார். ஆளை மாற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம், வாரத்துக்கு ஒரு புது முகம் வந்தால் கேட்டைத் திறக்க மாட்டார்கள், திறக்கவும் கூடாது.

போனால் என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் ஒரே மருந்து வேறு வேறு பெயரில் இரண்டு அட்டையாக இருக்க, இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்த அப்புச்சி ஒருவரை நம் பெண் ஒருத்திதான் கண்டுபிடித்தாள். நாமாக மாத்திரையை நிறுத்துவதில்லை, மாற்றுவதில்லை. போட்டோ எடுத்து நர்ஸிடம் கேட்கிறோம், அவ்வளவுதான். ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்து ரேசன் சாமான் வீட்டுக்கே வரத் தொடங்கியது பெரிய உதவி. கார்டில் வெளியூர் மகன் பெயரும் இருக்கிற சிலருக்கு அது கிடைக்காததால் ரேசன் கடைக்கு நாம் கூட்டிப்போகிறோம். நவம்பரில் பென்சனுக்கான உயிர்வாழ் சான்று. தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துத் தருவார் என்பதே மில் பென்சன்காரர்கள் பலருக்குத் தெரியாது. தறி ஓட்டித் தேய்ந்த விரலில் ரேகை விழாதபோது செல்போனில் முகத்தைக் காட்டி முடித்தோம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும், பண மோசடிக்கு 1930 எண்ணையும் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.

ஒரு பெரியவர் தன் விவசாய நிலத்தை மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு நின்றார். 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறோம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரமாக இருந்து, அவர்கள் பார்க்கவும் இல்லையென்றால், 23ஆம் பிரிவில் அதை ரத்து செய்யவே கேட்கலாம். இவர் பத்திரத்தில் அந்த வரி இல்லை. எழுதப் போகிற பெரியவர்கள் யாராயிருந்தாலும் அந்த வரியைப் போடச் சொல்லுங்கள், மகன் எவ்வளவு தங்கமானவனாக இருந்தாலும் சரி.

இனி மனக்குறை. பேர் கொடுத்தவர்கள் 40 பேருக்கு மேல். தொடர்ந்து வருகிறவர்கள் 11 பேர், அதில் 7 பேர் பெண்கள், மில் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர்கள். குரூப்பில் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியவர்கள் பலரை அதற்கப்புறம் காணவில்லை. போகாமலே இருந்திருந்தால் பரவாயில்லை, நாலு வாரம் போய்ப் பழகிவிட்டு நின்றுவிடுவதுதான் கொடுமை. ஓர் ஆத்தா ஞாயிற்றுக்கிழமை ஆனால் அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி வைத்துக்கொண்டு, வராத பையனுக்காக மத்தியானம் வரை வாசலைப் பார்த்திருக்கிறார். நான் போய்க் கேட்டதற்கு "அந்தத் தம்பிக்கு என்ன வேலையோ கண்ணு, திட்டிப்போடாதீங்க" என்கிறார். அந்தத் தம்பி இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, வரும் ஞாயிறே போகலாம்.

சந்தா மாதம் 50 ரூபாய். இரண்டு வருசமாகக் கட்டாதவர்கள் இருக்கிறார்கள். நோம்பிக்கு (ஊர்த் திருவிழாவுக்கு) பாட்டுக் கச்சேரி என்றால் ஆயிரக்கணக்கில் எழுதுகிறவர்கள்தான் அதிலும் அதிகம் என்பதால் சொல்கிறேன்.

வரவு செலவுக் கணக்குப் பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். செலவில் பெரும்பகுதி பெட்ரோலும் ஆஸ்பத்திரிக்குப் போன கார் வாடகையும்தான். வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடிவிட்டது, அந்தக் குறையை நிர்வாகிகள் சிலர் கையில் இருந்து போட்டார்கள்.

தலைவருக்கும், கண் முகாமுக்கு இடம் கொடுத்த மண்டபத்தாருக்கும், கிராம சுகாதார செவிலியருக்கும், தபால்காரருக்கும், பஞ்சாயத்தாருக்கும் நன்றி. அந்த 11 பேருக்குத் தனியாக நன்றி.

அடுத்த வருசம் புதிதாக ஆறு வீட்டில் கேட்டிருக்கிறார்கள். இருக்கிற ஆட்களை வைத்து அந்த ஆறையும் எடுக்க முடியாது, எடுத்தால் இருக்கிற வீடுகள் கெடும். முடியாது என்று அந்த வீடுகளில் போய்ச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதனால் இன்னும் பதில் சொல்லவில்லை. மூன்று பேர் கிடைத்தால் போதும். வண்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு வருசம் விடாமல் வர வேண்டும். வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் வர முடியாவிட்டால் சந்தாவையாவது அனுப்புங்கள், உங்கள் அப்பா அம்மாவின் போன் நம்பரையும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பரையும் சேர்த்து அனுப்புங்கள். ஞாயிறு காலை 7 மணிக்குப் பிள்ளையார் கோயில் மேடையில் இருப்போம்.

இப்படிக்கு,
செயலாளர்