செயலாளர் ஆண்டறிக்கை: கோடரி ஆலையில் சாணை பிடித்தவர்கள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் கனெக்டிகட்டில் குடியேறிய தமிழர்களாகிய நாம் நடத்திவரும் உள்ளூர் வரலாற்று வட்டத்தின் ஓராண்டுப் பணியை இங்கே வைக்கிறேன். பனிப்புயல் வந்த பிப்ரவரி தவிர மாதம் தவறாமல் கூடினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு முழுக்க ஒரே ஊரைத்தான் எடுத்துக்கொண்டோம். ஹார்ட்ஃபோர்டிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் ஃபார்மிங்டன் ஆற்றங்கரையில் காலின்ஸ்வில் வரும். 1826-இல் காலின்ஸ் சகோதரர்கள் தொடங்கிய கோடரி ஆலை அங்கே 1966 வரை இயங்கியது. அதன் வெட்டுக்கத்திகள் லத்தீன் அமெரிக்கா வரை போயின. முதலாளிகளைப் பற்றிப் படிக்க நிறையவே கிடைக்கிறது. சாணை பிடித்தவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

அடித்துச் செய்த கோடரியைப் பெரிய மணற்கல் சாணையில் அழுத்திப் பிடித்துத் தீட்டுவது அவர்கள் வேலை. கல்லின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். ஈரத்தில் தூசி அடங்கிவிடும், பயமில்லை என்பது அந்நாளைய நம்பிக்கை. 1920-இல் யேல் பல்கலைக்கழகத்தின் வின்ஸ்லோவும் கிரீன்பர்க்கும் கோடரி ஆலைக் காற்றைச் சோதித்து, ஈரச் சாணையிலும் நுண்தூசி கிளம்புவதைக் காட்டினார்கள். 1921-இல் ட்ரூரி என்ற ஆய்வாளர் இறப்புக் கணக்கை வெளியிட்டார். சாணை பிடித்தவர்கள் காசநோயால் இறந்த விகிதம், அதே ஆலையின் மற்றத் தொழிலாளர்களைவிடப் பல மடங்கு இருந்தது. மணற்கல்லிலிருந்து கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலில் தழும்பேற்றிவிடும். அப்புறம் காசநோய் பிடிப்பது எளிது. மணற்கல்லுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய கார்போரண்டம் போன்ற செயற்கைச் சாணைப் பொருள்கள் 1890களிலேயே வந்துவிட்டன. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்தக் கல்லின் முன் உட்கார்ந்தவர்களில் பலர் போலந்திலிருந்து வந்தவர்கள். 1918 வரை போலந்து தனி நாடாக இல்லாததால், அமெரிக்கப் பதிவேடுகளில் அந்த மக்களின் பிறந்த நாடு ரஷ்யா என்றோ ஆஸ்திரியா என்றோ ஜெர்மனி என்றோ இருக்கும். பெயரும் எழுத்தரின் காதில் விழுந்தபடி பதிவாகும். ஒருவரையே இருவர் என்று நாங்களும் எண்ணி, பிறகு திருத்தினோம். நம் பெயர்களை இங்கே எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று தெரிந்த நமக்கு, இந்த வேலையில் அவசரப்படக் கூடாது என்பது புரிந்தது.

ஆலையின் பழைய கட்டடம் ஒன்றில் இயங்கும் கேன்டன் வரலாற்று அருங்காட்சியகத்தின் தன்னார்வலர்கள் பொறுமையாக எல்லாவற்றையும் காட்டினார்கள். அவர்களுக்கு நம் நன்றி.

நம் பிள்ளைகள் வாசிக்க இதையெல்லாம் தமிழில் சிறு கையேடாக்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. தட்டச்சு செய்ய இருவர் தேவை. காலின்ஸ்வில்லுக்கு அடுத்த பயணம் மே மாதம். வருகிறவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.

செயலாளர்